அடியைத் திருப்பிப் பாருங்கள்: ஆசியப் பழம்பொருட்கள் குறித்த வாசகர் கேள்வி பதில்

ஆசிய நாடுகளின் பீங்கான், வெண்கலம், மரச்சாமான், அலங்காரக் கைவேலைப் பொருட்கள் ஆகியவற்றைச் சேகரிக்கும் வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் ஏழுக்கு இம்முறை விடை எழுதுகிறேன். பெரும்பாலான கடிதங்கள் பொருளின் விலையைக் கேட்கின்றன. அதன் முகப்பை மட்டும் காட்டும் ஒரு புகைப்படத்தை வைத்துக்கொண்டு விலை சொல்வது வாசகருக்குச் செய்யும் தீங்கு என்று நான் கருதுவதால், அந்தக் கடிதங்களைச் சேர்க்கவில்லை.

கேள்வி: நீல ஓவியம் தீட்டிய சீனப் பூச்சாடி ஒன்றை வாங்க விரும்புகிறேன். அதன் அடியில் ஆறு சீன எழுத்துகள் உள்ளன. அவை மிங் அரச மரபைச் சேர்ந்த சுவாந்தெ பேரரசரின் ஆட்சியைக் குறிப்பவை என்று விற்பவர் சொல்கிறார். எழுத்தே இருக்கும்போது சந்தேகப்பட இடம் உண்டா ஐயா?

பதில்: உண்டு. எழுத்து இருப்பதாலேயே கூடுதலாகச் சந்தேகப்பட வேண்டும். அந்த ஆறு எழுத்துகளில் முதல் இரண்டு அரச மரபையும், நடு இரண்டு ஆட்சிப் பெயரையும், கடைசி இரண்டு ‘ஆண்டில் செய்யப்பட்டது’ என்பதையும் சொல்கின்றன. மேலிருந்து கீழாகவும், வலப் பத்தியிலிருந்து இடப் பத்திக்கும் படிக்க வேண்டும். சுவாந்தெ ஆட்சி 1426 முதல் 1435 வரை பத்தே ஆண்டுகள் நீடித்தது. ஆனால் அந்தப் பெயரைப் பீங்கானிலும், அதைவிட அதிகமாக வெண்கலத் தூபக்கால்களிலும் பின்வந்த தலைமுறைகள் ஓயாமல் எழுதி வந்திருக்கின்றன. இதில் ஏமாற்று எண்ணமும் உண்டு. முந்தைய காலத்தின் கைத்திறனுக்குச் செலுத்திய மரியாதையும் உண்டு. மிங்குக்குப் பின்வந்த சிங் மரபின் காங்ஷி பேரரசர் ஆண்ட 1662 முதல் 1722 வரையிலான காலத்தில், 1677-ஆம் ஆண்டு, பீங்கான் நகரமான ஜிங்தெசென்னின் அதிகாரி ஒருவர் நடப்பு ஆட்சிப் பெயரைப் பாண்டங்களில் எழுதக் கூடாது என்று தடை விதித்தார். குயவர்கள் பழைய மிங் பேரரசர்களின் பெயர்களை எழுதினார்கள். சிலர் எதையும் எழுதாமல் இரட்டை நீல வட்டத்தை மட்டும் வரைந்து விட்டார்கள். 19-ஆம் நூற்றாண்டில் வந்தவர்களோ அதே காங்ஷியின் பெயரைத் தங்கள் சாடிகளில் எழுதினார்கள்.

ஆகவே பெயரை ஒதுக்கிவிட்டு, சாடி செய்யப்பட்ட விதத்தை அதன் உடலிலேயே தேடுங்கள். சுவாந்தெ காலத்து நீலத்துக்குப் பயன்பட்ட கோபால்ட் தாதுவில் இரும்பு அதிகம். தூரிகையில் வண்ணம் தேங்கிய இடங்களில் அது சூளைத் தீயில் கருநீலப் புள்ளிகளாகத் திரண்டு, மேலிருக்கும் கண்ணாடிப் பூச்சை ஊடுருவி வெளிவந்து, துருப்பிடித்ததுபோல் கறுத்து நிற்கும். சாடியைச் சாய்வான வெளிச்சத்தில் பிடித்தால் அந்தப் புள்ளிகள் சிறு பள்ளங்களாகத் தெரியும். 18-ஆம் நூற்றாண்டுக் குயவர்கள் இந்தக் குறையையே அழகாகக் கண்டு, தூரிகை நுனியால் ஒவ்வொரு புள்ளியாக வைத்து அதைப் போலச் செய்தார்கள். அப்படி வைத்த புள்ளிகள் கோட்டின் மேல் வரிசையாக, ஏறத்தாழ ஒரே அளவில் அமர்ந்திருக்கும். தானாகத் தேங்கிய வண்ணத்தில் அந்த ஒழுங்கு இராது.

பிறகு மேசை மேல் தடித்த துணி விரித்து, சாடியை இரு கைகளாலும் பிடித்துக் கவிழ்த்து, அடிவளையத்தைப் பாருங்கள். பூச்சுப் படாத அந்த வளையத்தில்தான் மண் தன் நிறத்தோடு வெளிப்படும். பத்து மடங்கு பெரிதாக்கும் உருப்பெருக்கி ஒன்று எப்போதும் கையில் இருக்கட்டும். பல தலைமுறைகள் மேசையிலும் மாடத்திலும் இழுபட்ட சாடியின் தேய்மானக் கீறல்கள் எல்லாத் திசைகளிலும், வெவ்வேறு ஆழத்தில், தரையைத் தொடும் இடத்தில் மட்டும் இருக்கும். உப்புத்தாளால் தேய்த்த கீறல்கள் ஒரே பக்கமாக ஓடும். சாடி தரையைத் தொடவே முடியாத இடங்களிலும் இருக்கும். இந்த வேறுபாட்டை நூல்களில் படித்து மட்டும் அறிய முடியாது. ஐயமற்ற பழைய பாண்டங்களில், உடைந்த சில்லாக இருந்தாலும் போதும், திரும்பத் திரும்பப் பார்த்துப் பழக வேண்டும்.

கேள்வி: சீனத் தாங் அரச மரபுக் காலத்துச் சுடுமண் குதிரை ஒன்று விற்பனைக்கு வந்திருக்கிறது. ஆய்வகச் சான்றிதழும் உடன் தருகிறார்கள். அதை நம்பி வாங்கலாமா?

பதில்: சான்றிதழ் எதைப் பற்றிப் பேசுகிறது என்பதை முதலில் அறிந்துகொள்வோம். களிமண்ணில் உள்ள குவார்ட்ஸ் போன்ற படிகங்கள் சுற்றுப்புறத்தின் இயற்கைக் கதிர்வீச்சை ஆண்டாண்டாகத் தேக்கி வைக்கின்றன. சூளையில் ஏறத்தாழ 500 டிகிரிக்கு மேல் சுடும்போது அந்தத் தேக்கம் முழுவதும் வெளியேறிக் கணக்கு மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்குகிறது. பொருளிலிருந்து சிறிதளவு மண்ணைத் துளைத்தெடுத்து மீண்டும் சூடாக்கினால், அதுவரை தேங்கியது ஒளியாக வெளிவரும். அந்த ஒளியை அளந்து, கடைசியாகச் சுட்ட காலத்தைக் கணிக்கிறார்கள். இதற்கு வெப்ப ஒளிர்வுச் சோதனை என்று பெயர். கணிப்பில் ஏறத்தாழ 20 விழுக்காடு ஏற்ற இறக்கம் இருக்கும். 618 முதல் 907 வரை நீடித்த தாங் காலத்தையும் நேற்றைய சூளையையும் பிரித்தறிய அது போதுமானது.

ஆனால் சோதனை சொல்வது துளையிட்ட இடத்தின் வயதைத்தான். பல ஆண்டுகளுக்கு முன் நானும் இத்தகைய ஒட்டகச் சிற்பம் ஒன்றை வாங்கினேன். சான்றிதழில் இரண்டு மாதிரிகள் எடுத்ததாகக் குறிப்பிட்டிருந்தார்கள், இரண்டுமே பழையவை. வீட்டுக்குக் கொண்டுவந்து இருட்டறையில் புற ஊதா விளக்கைக் காட்டியபோது, கழுத்தின் அடியில் ஒட்டிய பசை விரற்கடை அகலத்துக்கு ஒரு வெண்ணீலப் பட்டையாக ஒளிர்ந்தது. அதற்குக் கீழே இருந்தது பழைய உடல். மேலே கழுத்தும் தலையும் புதிய மண்ணால் செய்து ஒட்டி, வண்ணம் பூசி மறைத்தவை. மாதிரிகள் இரண்டும் வயிற்றின் அடியிலிருந்து எடுக்கப்பட்டிருந்தன. அன்றிலிருந்து, மாதிரி எடுத்த துளைகள் எங்கெங்கே உள்ளன என்பதைச் சான்றிதழில் உள்ள படத்தோடு ஒப்பிட்டுப் பார்க்காமல் நான் எதையும் வாங்குவதில்லை. தலை, உடல், பீடம் ஆகியவற்றில் தனித்தனியே மாதிரி எடுத்திருக்க வேண்டும். மேலும், தாங் காலக் குதிரைகள் கல்லறைகளில் வைக்கப்பட்டவை. அது எப்போது, எந்த வழியாகச் சீனாவை விட்டு வெளியே வந்தது என்பதற்கும் எழுத்துச் சான்று கேளுங்கள். வயதை மட்டும் உறுதி செய்யும் சான்றிதழ் இந்தக் கேள்விக்கு விடையாகாது.

கேள்வி: எனக்குக் கிடைத்த பச்சைநிறப் பழைய கிண்ணம் உடைந்து, உலோகப் பிடிப்புகளால் இணைக்கப்பட்டிருக்கிறது. அவற்றை எடுத்துவிட்டு நவீனப் பசையால் ஒட்டினால் பார்வைக்கு நன்றாக இருக்கும் அல்லவா?

பதில்: தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள் அம்மா. வைர முனைத் துளைக்கருவியால் பாண்டத்தின் தடிப்பில் பாதி ஆழம் வரை மட்டும் துளையிட்டு, உலோகக் கம்பியின் இறுக்கத்தாலேயே இரு பாகங்களையும் சேர்த்துப் பிடிக்கும் அந்த வேலை பெரும் திறமை வேண்டுவது. கிண்ணத்தின் உள்பக்கத்தைப் பாருங்கள். அங்கே துளையின் அடையாளமே இருக்காது.

தோக்கியோ தேசிய அருங்காட்சியகத்தில், 13-ஆம் நூற்றாண்டில் சீனாவின் லோங்சுவான் சூளைகளில் செய்யப்பட்ட பச்சைக் கிண்ணம் ஒன்று உள்ளது. 15-ஆம் நூற்றாண்டில் அது ஜப்பானிய ஆட்சியாளர் அஷிகாகா யோஷிமாசாவின் கையில் இருந்தபோது விரிசல் கண்டது என்றும், அதற்கு ஈடான மற்றொன்றைக் கேட்டு அவர் அதைச் சீனாவுக்கு அனுப்பினார் என்றும் சொல்லப்படுகிறது. அவ்வளவு சிறந்த கிண்ணத்தை இனிச் செய்ய இயலாது என்று கூறி, விரிசலுக்கு உலோகப் பிடிப்புகள் போட்டு அங்கிருந்து திருப்பி அனுப்பினார்களாம். வெட்டுக்கிளிகள் வரிசையாக அமர்ந்ததுபோல் இருக்கும் அந்தப் பிடிப்புகளாலேயே கிண்ணத்துக்குப் பெயரும் வந்தது. உடையாத பாண்டத்தைவிட உடைந்தது சந்தையில் குறைவாகவே போகும் என்பது உண்மைதான். ஆனால் பிடிப்புகளை நீக்கினால் விலையும் கூடாது, துளைகளும் மறையா; கிண்ணத்தின் வரலாற்றில் ஒரு பக்கம் கிழிந்துபோவதுதான் மிச்சம்.

கேள்வி: நேபாளத்தில் செய்யப்பட்ட, தாரை என்னும் பௌத்தப் பெண் தெய்வத்தின் பழைய படிமம் ஒன்று என்னிடம் உள்ளது. சில மாதங்களாக அதன் பீடத்தில் வெளிர்பச்சைத் தூள் உதிர்கிறது. புளியோ பாலிஷோ இட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்கலாமா?

பதில்: வேண்டவே வேண்டாம். முதல் காரணம், நேபாளத்து நேவார் கலைஞர்களின் படிமங்கள் பெரும்பாலும் செம்பு வார்ப்புகள். பாதரசத்தில் கரைத்த பொன்னைப் பூசித் தீயில் காட்டி அவற்றுக்கு முலாம் ஏற்றினார்கள். பல இடங்களில் அந்த முலாம் மெல்லிய படலமாகவே எஞ்சியிருக்கும். புளியின் அமிலமும் பாலிஷில் உள்ள உராய்பொடியும் சேர்ந்தால் அதை ஒரே மாலையில் துடைத்தெடுத்துவிடலாம். பிறகு யாராலும் திருப்பித் தர முடியாது.

இரண்டாவது, நீங்கள் சொல்லும் தூள் சாதாரணக் களிம்பு அன்று. செம்பிலும் வெண்கலத்திலும் படியும் நல்ல களிம்பு கரும்பழுப்பாகவோ அடர்பச்சையாகவோ உலோகத்தோடு ஒட்டி, தடவினால் வழவழப்பாக இருக்கும். அது உலோகத்துக்குக் கேடு செய்யாது. மாவுபோல் உதிரும் வெளிர்பச்சைத் தூளை ‘வெண்கல நோய்’ என்று அருங்காட்சியகத் துறையில் சொல்கிறார்கள். மண்ணிலிருந்தோ கடற்காற்றிலிருந்தோ கை வியர்வையிலிருந்தோ வந்த குளோரைடு உப்பு, உலோகத்துக்குள் செம்புக் குளோரைடாகத் தங்கிவிடுகிறது. காற்றின் ஈரமும் ஆக்சிஜனும் பட்டவுடன் அது பச்சைத் தூளாக மாறும்போது அமிலத்தையும் உண்டாக்குகிறது; அந்த அமிலம் அடுத்த அடுக்குச் செம்பைத் தின்கிறது; மீண்டும் குளோரைடு, மீண்டும் தூள். ஈரம் உள்ளவரை இந்தச் சுழற்சி ஓயாது. தூளை எடுத்துவிட்டுப் பார்த்தால் அடியில் குண்டூசித் தலை அளவில் குழிகள் தெரியும்.

நீங்கள் உடனே செய்யக்கூடியது ஈரத்தைத் தடுப்பது. படிமத்தைத் துணிக் கையுறையுடன் எடுத்து, காற்றுப் புகாத பெட்டியில் சிலிக்கா ஜெல்லுடன் வைத்து, உள்ளே ஈரப்பத மானி ஒன்றையும் வையுங்கள். மானி 40 விழுக்காட்டுக்குக் கீழே நின்றால் நோய் ஏறத்தாழ உறங்கிவிடும். ஜெல் மணிகள் ஈரம் ஏறியதும் நிறம் மாறும். அப்போது அவற்றைச் சூடாக்கி உலர்த்தித் திரும்ப வைக்கலாம். குழிகளைச் சுத்தம் செய்வதும், செம்பைக் காக்கும் பென்சோட்ரையசோல் போன்ற மருந்துகளை இடுவதும் பயிற்சி பெற்ற பாதுகாப்பு வல்லுநரின் வேலை. அவரிடம் கொண்டுசெல்லும் முன் பீடத்தின் எல்லாப் பக்கங்களையும் படம் எடுத்துத் தேதியிட்டு வையுங்கள். நோய் பரவுகிறதா நின்றதா என்பதை அந்தப் படங்கள்தாம் காட்டும்.

கேள்வி: சோழர் காலத்துச் செப்புத் திருமேனி என்று சொல்லி ஒருவர் குறைந்த விலைக்குத் தர முன்வருகிறார். ஆவணம் எதுவும் இல்லை. ‘நாம் வாங்காவிட்டால் வெளிநாட்டுக்குப் போய்விடும்’ என்கிறார். வாங்கிக் காப்பாற்றுவது தவறா?

பதில்: தவறு. ஆவணமில்லாத திருமேனியை வாங்குவது, அடுத்த கோயிலின் பூட்டை உடைக்க ஒருவனுக்கு முன்பணம் கொடுப்பதற்குச் சமம். உங்கள் எண்ணம் தூய்மையானது என்பதில் எனக்கு ஐயம் இல்லை. ஆனால் உங்கள் பணம் போய்ச் சேரும் இடத்தை அந்த எண்ணம் மாற்றாது.

இந்தியாவில் 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள்கள் மற்றும் கலைக் கருவூலங்கள் சட்டம் 1976 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ளது. நூறு ஆண்டுகளுக்குக் குறையாத சிற்பம், ஓவியம், கைவினைப் பொருள் போன்றவை அச்சட்டப்படி தொல்பொருள்கள். கையெழுத்துச் சுவடிகளுக்கு எழுபத்தைந்து ஆண்டுகளே போதும். தனியார் அவற்றை வைத்திருக்கலாம். ஆனால் உலோகச் சிற்பம் போன்ற அறிவிக்கப்பட்ட வகைகளைப் பதிவு அதிகாரியிடம் பதிந்து சான்று பெற வேண்டும். தொல்பொருள் வணிகம் செய்ய உரிமம் வேண்டும். வெளிநாட்டுக்கு அனுப்பும் உரிமை மத்திய அரசுக்கும் அது அதிகாரம் அளித்த அமைப்புக்கும் மட்டுமே உண்டு. உங்களிடம் வந்தவரிடம் பதிவுச் சான்றும் உரிமமும் கேட்டுப் பாருங்கள். பேச்சு அங்கேயே நின்றுவிடும்.

ஆவணத்தின் வலிமைக்கு இரண்டு வழக்குகள் சான்று. 1976-இல் தஞ்சைப் பகுதியின் பத்தூரில் மண்ணுக்கடியில் கிடைத்த நடராசர், கைமாறிக் கைமாறி இலண்டன் சென்றார். அங்கே நடந்த வழக்கில் பத்தூர்க் கோயிலே வழக்காடும் தகுதி உடையதென்று நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. 1991-இல் நடராசர் நாடு திரும்பினார். அரியலூர் மாவட்டம் சிறீபுரந்தான் நடராசரை ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடம் 2008-இல் 50 இலட்சம் அமெரிக்க டாலருக்கு வாங்கியது. விற்றவர் காட்டிய உடைமை வரலாறு போலியானது. புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தினர் 1956 முதல் கோயில் கோயிலாகச் சென்று எடுத்துச் சேர்த்த புகைப்படத் தொகுப்பில் அதே திருமேனி கோயிலுக்குள் இருக்கும் படம் இருந்தது. 2014-இல் அது திருப்பித் தரப்பட்டது. யாரோ ஒருவர் கவனமாக எடுத்து அடுக்கி வைத்த ஒரு படம் இவ்வளவு செய்திருக்கிறது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெகிழ்ச்சி உண்டாகிறது.

உங்களுக்குச் செப்புத் திருமேனிகள்மேல் உண்மையான பற்று இருந்தால், சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தின் படிமக் கூடத்திலும் தஞ்சை அரண்மனைக் கலைக்கூடத்திலும் நாள் முழுவதும் நின்று பாருங்கள். நூற்றாண்டுக்கணக்கில் நீராட்டும் பூசையும் கண்ட திருமேனியில் மூக்கும் இதழும் அணிகளும் தேய்ந்து மென்மையாகியிருக்கும். நெடுங்காலம் மண்ணுக்குள் இருந்ததில் உளித்தடம் கூர்மையாக நிற்க, மேலே களிம்பு படர்ந்திருக்கும். வீட்டில் வைத்துப் பார்க்க விரும்பினால் சுவாமிமலை ஸ்தபதிகள் இன்றும் மெழுகுக் கருக்கட்டி, காவிரி வண்டல் மண் பூசி வார்க்கும் புதிய படிமத்தைப் புதியது என்ற ரசீதோடு வாங்குங்கள். அச்சை உடைத்தே படிமத்தை எடுப்பதால், அதுவும் உலகில் ஒன்றேதான்.

கேள்வி: சீனக் கை நாற்காலி ஒன்று சீதான் மரத்தில் செய்த பழையது என்கிறார்கள். எப்படிச் சரிபார்ப்பது?

பதில்: சீதான் என்று சீனர்கள் போற்றும் மரம் பெரும்பாலும், முக்கியமாக ஆந்திரத்தின் கிழக்குத் தொடர்ச்சி மலைகளில் இயற்கையாக வளரும் செம்மரமே. கடல் கடந்து போய்ச் சிங் மரபின் அரண்மனைகளை அலங்கரித்த நம் பக்கத்து மரம் அது. நீரில் மூழ்கும் அளவுக்கு அடர்த்தியானது. ஆகவே நாற்காலியை ஒரு கையால் எளிதாகத் தூக்க முடிந்தால் அங்கேயே விடை கிடைத்துவிடும். எடை மட்டும் போதாது, ஏனெனில் வேறு கனமான மரங்களுக்குச் சாயம் ஏற்றியும் விற்கிறார்கள்.

அடுத்து, நாற்காலியைக் கவிழ்த்து இணைப்புகளைப் பாருங்கள். நல்ல சீனத் தச்சர் ஆணியை நம்பவில்லை. ஒரு மரத்தின் நாக்கை மற்றதன் துளைக்குள் இறக்கி இறுக்கினார். இருக்கைப் பலகையும் முதுகுப் பலகையும் சட்டத்தின் பள்ளத்தில் ஒட்டாமல் செருகப்பட்டிருக்கும். ஈரக் காலத்தில் விரியவும் வறண்ட காலத்தில் சுருங்கவும் அவற்றுக்கு இடம் வேண்டும். பல பத்தாண்டுகளில் பலகை குறுக்குவாட்டில் சுருங்கி, சட்டத்தை ஒட்டி மெருகு காணாத மெல்லிய வெளிறிய கோடு வெளிப்பட்டிருக்கும். பழைய நாற்காலிகளில் நான் முதலில் தேடுவது அந்தக் கோட்டைத்தான். முன்புறம் கால் வைக்கும் குறுக்குச் சட்டம் நடுவில் தேய்ந்திருக்க வேண்டும். உட்கார்ந்தவர்கள் எல்லாரும் அங்கேதான் பாதம் வைத்தார்கள். அடிப்பகுதியில் வட்டமான அரிவாள் தடம்போல் இரம்பக் கீறல்கள் தெரிந்தால், அது இயந்திர வட்ட இரம்பத்தால் அறுத்த பிற்காலப் பலகை. இன்னொன்று: செம்மரம், அழியும் நிலையிலுள்ள உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் ‘சைட்டிஸ்’ பன்னாட்டு உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் இருப்பதால், நாடு விட்டு நாடு கொண்டுசெல்லும் முன் அதற்குரிய அனுமதியை விசாரித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: பாட்டனார் ரங்கூனிலிருந்து கொண்டுவந்த வட்டமான அரக்குப் பெட்டி ஒன்று உள்ளது. மங்கி, ஓரத்தில் செதில் விடுகிறது. எண்ணெய் தடவலாமா?

பதில்: எண்ணெய் வேண்டாம், தூசியைப் பிடித்து வைத்துப் பிசுக்காகும். பெயர் அரக்கு என்றாலும், நாம் அறிந்த பூச்சி அரக்கு அன்று இது. பர்மிய மொழியில் தித்சி எனப்படும் ஒருவகை மரத்தின் பாலை, மூங்கில் பின்னலின் மேல் அடுக்கடுக்காகப் பூசி, ஒவ்வோர் அடுக்கையும் ஈரமான நிலவறையில் இறுக விட்டுச் செய்தது. ஈரத்தில் இறுகிய அந்தப் பூச்சுக்கு வெயிலும் குளிர்சாதனக் காற்றின் வறட்சியும் பகை. சன்னலருகே இருந்தால் இன்றே இடம் மாற்றுங்கள். மென்மையான தூரிகையால் தூசி தட்டினால் போதும். பின்னலின் நெகிழ்வைக் காண விளிம்பை அழுத்திப் பார்க்கும் பழக்கம் சிலருக்கு உண்டு. செதில் விடும் பெட்டியில் அதைச் செய்ய வேண்டாம்.

உட்தட்டுகள் இருந்தால் ஒவ்வொன்றாக வெளியே எடுத்து, மூடி, பக்கச்சுவர், அடிப்பாகம் எல்லாவற்றையும் சாய்வான வெளிச்சத்தில் பாருங்கள். இத்தகைய பெட்டிகளில் செய்தவர் பெயரையோ உடையவர் பெயரையோ பூ வேலைக்கு நடுவே சிறிய பர்மிய எழுத்தில் கீறி வைப்பது உண்டு. அப்படி ஒரு வரி தென்பட்டால் தெளிவாகப் படம் எடுத்து, பர்மிய மொழி அறிந்தவர் ஒருவரிடம் காட்டி, அவர் படித்துச் சொல்வதை உங்கள் பாட்டனாரைப் பற்றி உங்களுக்குத் தெரிந்தவற்றோடு சேர்த்து ஒரு தாளில் எழுதிப் பெட்டியோடு வையுங்கள்.